டெர்மினலை மூடிவிடாதீர்கள்

கணினி கேள்வி – பதில்

போன இதழ் வெளியானதிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே புலம்பல்தான்: 'லினக்ஸ் அப்டேட் பாதியில் நின்றுவிட்டது, இப்போது எதுவும் ஓடவில்லை.' பிரின்டர் கேள்வி கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி லேபில் சிஸ்டம் பார்த்துக்கொள்கிறவள் என்பதால் இந்த நோய் எனக்கு நன்றாகப் பழக்கம். கட்டளைகளை வழக்கம்போல ஒலிப்பாகத் தமிழில் தருகிறேன். விசைப்பலகையில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். 'ஹைபன்' என்று சொல்லும் இடத்தில் கழித்தல் குறி. புதியவர்களுக்கு நாலு சொல்: பேக்கேஜ் என்பது நிறுவத் தயாராகக் கட்டி வைத்த மென்பொருள் மூட்டை, ரெப்போ அவை கிடைக்கும் கிடங்கு, ஆப்ட் அவற்றை இறக்கி நிறுவும் கருவி, அதற்கு அடியில் உண்மையில் வேலை செய்வது டிபிகேஜி. லைப்ரரி என்பது பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் ஃபைல். ரூட் என்பவர் எல்லா உரிமையும் உள்ள நிர்வாகி, சூடோவும் எஸ்யூவும் அந்த உரிமையைப் பெறும் கட்டளைகள்.

கேள்வி: அம்மணி, வணக்கமுங்க. எங்கள் ஜவுளிக் கடையில் பில் ஃபைல்கள் வைத்திருக்கும் சர்வர் டெபியன் 10. பழசாகிவிட்டதே என்று ரெப்போ பட்டியலில் 'பஸ்டர்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'புக்வெர்ம்' என்று மாற்றி, ஆப்ட் ஃபுல்-அப்கிரேட் கொடுத்தேன். பாதியில், பெர்ல் ஓடவில்லை, லிப்கிரிப்ட்.எஸ்ஓ.1 என்ற ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று செய்தி வந்து நின்றுவிட்டது. திரும்ப எந்த ஆப்ட் கட்டளை கொடுத்தாலும் அதே பாட்டு. ரூட் டெர்மினல் இன்னும் திறந்தபடிதான் இருக்கிறது. மாப்பிள்ளை, ஃபார்மட் பண்ணிவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம் என்கிறார். கணக்கெல்லாம் உள்ளே இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– ஒரு ஜவுளிக் கடைக்காரர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அய்யா, உங்களுக்கு அன்றைக்கே மெயிலில் பதில் போட்டுவிட்டேன். அதே இடத்தில் மாட்டிக்கொண்ட மற்றவர்களுக்காக இங்கே விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் மாப்பிள்ளைக்கு: ஃபார்மட் வேண்டாம். உங்கள் பில் ஃபைல் எதையும் இந்த அப்கிரேட் தொடவில்லை. காணாமல் போனது ஒரு சின்ன லைப்ரரி, ஒரு எம்பிகூடத் தேறாது. அதன் பெயரைக்கூடச் செய்தியே சொல்லிவிட்டது.

நடந்தது இதுதான். டெபியன் 10 வரை, இந்த லிப்கிரிப்ட் என்பது லிப்சி6 என்ற பெரிய பேக்கேஜுக்குள்ளேயே இருந்தது. 11-இலிருந்து அதைத் தனியே பிரித்து லிப்கிரிப்ட்1 என்று வேறு பேக்கேஜ் ஆக்கிவிட்டார்கள். அப்கிரேடின்போது புது லிப்சி6 வந்து உட்கார்ந்ததும் பழையதோடு இருந்த லிப்கிரிப்ட் போய்விடும். அதற்குள் புது லிப்கிரிப்ட்1 வந்து சேர்ந்திருக்க வேண்டும். வரிசை தப்பினால் நடுவில் கொஞ்ச நேரம் லிப்கிரிப்டே இல்லாத நிலை. பேக்கேஜ்களை அமைக்கும்போது நம்மிடம் நீலத் திரையில் கேள்வி கேட்கிறதே, டெப்கான்ஃப், அது பெர்ல் என்ற நிரல் மொழியில் எழுதியது. பெர்லுக்கோ லிப்கிரிப்ட் வேண்டும். ஆக, ஆப்ட் வேலையை முடிக்க பெர்ல் வேண்டும். பெர்ல் எழுந்திருக்க ஆப்ட் லிப்கிரிப்ட்1-ஐ நிறுவியாக வேண்டும். இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு நிற்கின்றன. நீங்கள் ஆப்டை எத்தனை முறை திரும்பக் கொடுத்தாலும் இந்த முடிச்சு தானாக அவிழாது.

நீங்கள் செய்த புண்ணியம், அந்த ரூட் டெர்மினலை மூடாமல் விட்டது. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் வேலையே லிப்கிரிப்டுடையது. அது இல்லையென்றால் சூடோ வேலை செய்யாது, எஸ்யூ வேலை செய்யாது, லாகின் திரையில் சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் உள்ளே விடாது, வெளியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகவும் புதிதாக நுழைய முடியாது. இந்தத் தொல்லையில் விழுந்தவர்கள் முக்கால்வாசிப் பேர், 'ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்' என்று அங்கேதான் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

ரூட் டெர்மினல் கையில் இருந்தால் இது கொஞ்ச நேர வேலை. 'ஆப்ட் டவுன்லோட் லிப்கிரிப்ட்1' என்று கொடுங்கள். டவுன்லோட் என்றால் இறக்கி வைப்பது மட்டும்தான், நிறுவுவதில்லை. அதனால் பெர்லை அது கூப்பிடாது. ரூட்டாக இறக்குவதால் ஒரு எச்சரிக்கை வரும், கண்டுகொள்ள வேண்டாம். இறங்கிய டெப் ஃபைலின் பெயரில் சதவீதக் குறியும் 3ஏ என்பதும் இருக்கும். அது கோலன் குறியை எழுதும் முறை, ஃபைல் கெட்டுப்போகவில்லை. பெயரை முழுதாகத் தட்டாமல் முதல் சில எழுத்து போட்டு டேப் விசையை அழுத்துங்கள்.

அப்புறம் ஒரு வெற்று ஃபோல்டர் உண்டாக்கி, 'டிபிகேஜி-டெப் ஹைபன் எக்ஸ்' கொடுத்து, டெப் ஃபைலின் பெயரும் அந்த ஃபோல்டரின் பெயரும் எழுதினால் உள்ளே இருப்பதெல்லாம் அந்த ஃபோல்டரில் விரியும். விரிந்ததில் லிப், அதற்குள் எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னு என்று போய்ப் பார்த்தால் லிப்கிரிப்ட் என்று தொடங்குபவை இருக்கும். ஒன்று உண்மையான ஃபைல், இன்னொன்று அதைக் காட்டும் சுட்டி. இரண்டையும் சிஸ்டத்தின் லிப் ஃபோல்டருக்குள் இருக்கும் அதே பெயருள்ள ஃபோல்டருக்கு 'சிபி ஹைபன் ஏ' போட்டு நகலெடுங்கள். ஹைபன் ஏ போட்டால் சுட்டி சுட்டியாகவே போகும்.

அடுத்து உடனே ஆப்டுக்குத் தாவாதீர்கள். 'பெர்ல் ஹைபன் வி' என்று தட்டிப் பாருங்கள். பெர்ல் தன் வெர்ஷனைச் சொன்னால் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. சொல்லாமல் வேறொரு லைப்ரரியின் பெயரைச் சொன்னால் அதற்கும் இதே வைத்தியம். பெர்ல் பேசிய பிறகு 'ஆப்ட் ஹைபன் ஹைபன் ஃபிக்ஸ் ஹைபன் புரோக்கன் இன்ஸ்டால்', அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்'. நடுவில் சாம்பா (சர்வர் ஃபோல்டரை மற்ற கம்ப்யூட்டர்களோடு பகிரும் புரோகிராம்) போன்றவற்றின் அமைப்பு ஃபைலை மாற்றவா என்று கேட்கும். நீங்கள் கையால் திருத்திய ஃபைல் என்றால் 'என்' கொடுத்துப் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடைக் கம்ப்யூட்டர்களுக்கு சர்வர் ஃபோல்டர் தெரியாமல் போய், அதற்கு எனக்கு இன்னொரு மெயில் போடுவீர்கள்.

கடைசியாக ஒரு குட்டு. 'பஸ்டர்' என்பது டெபியன் 10, 'புக்வெர்ம்' என்பது 12. டெபியனில் ஒரு வெர்ஷனைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. 10-இலிருந்து 11, அங்கிருந்து 12, அப்புறம் இப்போது 2025 ஆகஸ்டில் வந்த 13. தாவிப் போவதற்கு ஆதரவு கிடையாது என்று ஒவ்வொரு வெளியீட்டுக் குறிப்பிலும் எழுதித்தான் வைக்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது என்பதும் அதிலேயே இருக்கிறது: 11-இலிருந்து செக்யூரிட்டி ரெப்போவின் பெயர் எழுதும் முறையே வேறு, 12-இல் ஃபர்ம்வேருக்கு என்று தனிப் பிரிவு வந்துவிட்டது. அந்தக் குறிப்பை யார் படிக்கிறார்கள் என்கிறீர்களா? லேபில் நான் படித்துவிட்டுத்தான் பையன்களைக் கை வைக்க விடுவேன்.

கேள்வி: அக்கா, நான் பொறியியல் இறுதியாண்டு. என் லேப்டாப்பில் உபுண்டு 20.04. ஒரு புரோகிராமைத் திறந்தால் 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்றது. ரூம்மேட் லேப்டாப்பில் 22.04 இருக்கிறது, அங்கே அந்தப் புரோகிராம் நன்றாக ஓடுகிறது. அவன் சிஸ்டத்திலிருந்து லிப்சி.எஸ்ஓ.6 ஃபைலைப் பென்டிரைவில் எடுத்து வந்து சூடோ சிபி கொடுத்து என் சிஸ்டத்தில் அதே இடத்தில் போட்டேன். அடுத்த நொடி திரையில் எல்லாம் மூடிக்கொண்டது. ரீஸ்டார்ட் செய்தால் 'கெர்னல் பேனிக்' என்று வருகிறது, இனிட்டைக் கொல்ல முயற்சி என்கிறது, எக்ஸிட்கோடு 00007எஃப்00 என்று முடிகிறது. புராஜெக்ட் முழுக்க அதற்குள்தான் அக்கா. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா?
– ஒரு மாணவர், திருச்சி

பதில்: தம்பி, டிஸ்க் போகவில்லை. அந்த 7எஃப்-ஐ தசமத்தில் எழுதிப் பார்: 127. லினக்ஸில் ஒரு புரோகிராம் 127 என்று சொல்லிவிட்டு நின்றால், 'என்னால் தொடங்கவே முடியவில்லை' என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுந்துவிட்டது, டிஸ்கைப் படித்துவிட்டது, முதல் புரோகிராமான இனிட்டைக் கூப்பிட்டது. இனிட்டுக்கு வேண்டிய லைப்ரரி பொருந்தாததால் அது அந்த இடத்திலேயே விழுந்தது. டிஸ்க் கெட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்தே இருக்காது.

லிப்சி (உன் செய்தியில் ஜிலிப்சி என்று வந்ததும் இதுதான்) என்பது ஏதோ ஒரு புரோகிராமின் துணை ஃபைல் என்று நினைத்துவிட்டாய். எல்எஸ், சிபி, பாஷ், சூடோ, நீ ரீஸ்டார்ட் செய்ய அழுத்திய பட்டனுக்குப் பின்னால் இருப்பது, எல்லாமே அதன் தலையில்தான் நிற்கின்றன. அதோடு அது தனி ஆள் கிடையாது. எல்டி-லினக்ஸ் என்று ஒரு லோடர் உண்டு, ஒவ்வொரு புரோகிராமும் தொடங்கும்போது லைப்ரரிகளைத் தேடி எடுத்து இணைத்துக் கொடுப்பது அதுதான். லோடரும் லிப்சியும் ஒரே பதிப்பில் ஜோடியாகச் செய்யப்பட்டவை. தங்களுக்குள் பேசிக்கொள்ள 'ஜிலிப்சி பிரைவேட்' என்று ஒரு தனி வழி வைத்திருக்கின்றன. உன் லோடர் 2.31, நீ கொண்டுவந்த லிப்சி 2.35. முகம் தெரியாத இரண்டு பேருக்குக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறாய்.

அடுத்த நொடியே திரை மூடிக்கொண்டதற்கும் காரணம் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. உன் 20.04-இல் லிப்சி.எஸ்ஓ.6 என்பது வெறும் சுட்டி. உண்மையான ஃபைலின் பெயர் லிப்சி-2.31.எஸ்ஓ. சிபி கட்டளை சுட்டியைப் பிடித்துக்கொண்டே போய் அந்த உண்மையான ஃபைலைத் திறந்து, உள்ளே இருந்ததைக் காலி செய்துவிட்டு, புதியதை நிரப்பிவிட்டது. இப்போது உன் டிஸ்கில் 2.31 என்ற பெயரில் 2.35 உட்கார்ந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்கள் எல்லாம் அந்த ஃபைலைத்தான் நினைவகத்தில் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தன. படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தை மாற்றியதால் ஒட்டுமொத்தமாகச் சாய்ந்தன. ஆப்ட் வழியாக லிப்சி மாறும்போது இப்படி ஆவதில்லை. டிபிகேஜி புதிய ஃபைலை வேறு பெயரில் முழுதாக எழுதிவிட்டு, கடைசியில் பெயரை மட்டும் மாற்றும். பழைய ஃபைலுக்குப் பெயர் போய்விட்டாலும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் முடியும் வரை அது டிஸ்கில் உயிரோடு இருக்கும்.

சரி, மீட்பு. ரூம்மேட்டின் லேப்டாப்பில் 20.04 ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி ஒரு பென்டிரைவை லைவ் பூட்டாகச் செய்துகொள். லேபில் என் மேசை இழுப்பறையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பென்டிரைவ் ஒன்று எப்போதும் கிடக்கும், இந்த வேலைக்கென்றே. அதில் பூட் செய்து, 'ட்ரை உபுண்டு' என்பதைத் தேர்ந்தெடு. இன்ஸ்டால் பக்கம் கையே போகக் கூடாது.

'எல்எஸ்பிஎல்கே' கொடுத்தால் உன் டிஸ்கின் பகுதிகள் வரிசையாகத் தெரியும். அளவைப் பார்த்து உன் உபுண்டு எது என்று கண்டுபிடித்து அதை எம்என்டி ஃபோல்டரில் மவுண்ட் செய், அதாவது அந்த ஃபோல்டர் வழியாகத் திறக்கும்படி இணை. உள்ளே போனால் ஹோம், அதற்குள் உன் பெயர், அதற்குள் உன் புராஜெக்ட், எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். மற்ற எதையும் தொடுவதற்கு முன் அதை இன்னொரு பென்டிரைவில் நகலெடு. மூச்சு வந்ததா? இப்போது வேலையைத் தொடங்கலாம்.

உன் சிஸ்டத்தில் எந்த லிப்சி6 இருந்தது என்பதை டிபிகேஜி எழுதி வைத்திருக்கும். மவுண்ட் செய்த டிஸ்கில் வார், லிப், டிபிகேஜி என்று போய், ஸ்டேட்டஸ் என்ற ஃபைலில் லிப்சி6 என்று தேடு, 2.31-இல் தொடங்கி உபுண்டு என்று ஏதோ எண்ணோடு ஒரு நீளமான வெர்ஷன் இருக்கும். சரியாக அந்த வெர்ஷன் டெப் ஃபைலை உபுண்டு ரெப்போவிலிருந்து இறக்கு. மேலே கடைக்கார அய்யாவுக்குச் சொன்ன அதே டிபிகேஜி-டெப் முறையில் விரி. ஆனால் விரிப்பதை ஒரு தற்காலிக ஃபோல்டரில் செய், நேராக எம்என்டி மேலே விரிக்காதே. இப்போதெல்லாம் லிப் என்பதே உண்மையான ஃபோல்டர் இல்லை, யூஎஸ்ஆருக்குள் இருக்கும் லிப்பைக் காட்டும் சுட்டி. பேக்கேஜுக்குள்ளோ லிப் ஃபோல்டராகவே இருக்கும். நேராக விரித்து, அந்தச் சுட்டி இருந்த இடத்தில் ஃபோல்டர் வந்து உட்கார்ந்துவிட்டால், ஒரு ஃபைலோடு போகவேண்டியது மொத்த லைப்ரரியும் காணாமல் போனதுபோல ஆகிவிடும். தற்காலிக ஃபோல்டரிலிருந்து உள்ளே இருக்கும் ஃபைல்களை மட்டும் 'சிபி ஹைபன் ஏ' கொடுத்து உரிய இடத்துக்குக் கொண்டுபோ. லிப்சியோடு லோடர் ஃபைலையும் சேர்த்து. ஜோடியாக.

பிறகு 'சிஎச்ரூட் எம்என்டி' என்று கொடுத்துப் பார், உன் டிஸ்கையே சிஸ்டமாக எடுத்துக்கொண்டு உள்ளே நுழையும் கட்டளை அது. இதுதான் பரீட்சை. உன் டிஸ்கில் இருக்கும் பாஷ், உன் டிஸ்கில் இருக்கும் லிப்சியோடு ஓட வேண்டும். ஓடினால் நீ பாஸ். வெளியே வந்து, டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் 'மவுண்ட் ஹைபன் ஹைபன் பைண்ட்' கொடுத்து உள்ளே இணைத்துவிட்டு, மறுபடி சிஎச்ரூட் செய்து, 'ஆப்ட் இன்ஸ்டால் ஹைபன் ஹைபன் ரீஇன்ஸ்டால் லிப்சி6' கொடு. ரன் ஃபோல்டரை இணைக்க மறந்தால் உபுண்டுவில் இணைய முகவரிகளைத் தேட முடியாமல் ஆப்ட் விழிக்கும்; டிஎன்எஸ் விவரம் அங்கேதான் கிடக்கிறது.

சிபிக்குப் பதில் சுட்டியை மட்டும் மாற்றி மாட்டிக்கொண்டவர்களும் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு ரூட் ஷெல் (ரூட் டெர்மினலில் கட்டளைகளை வாங்கும் புரோகிராம்) ஒன்று திறந்திருந்தால் பென்டிரைவே தேவையில்லை. எல்எஸ் ஓடாது, பரவாயில்லை. 'எக்கோ' போட்டு நட்சத்திரக் குறி வைத்தால் அந்த ஃபோல்டரின் ஃபைல் பெயர்கள் வரும். சிடி, பிடபிள்யூடி, எக்கோ எல்லாம் ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை, புதிதாக எதையும் ஓட்ட வேண்டியதில்லை. பழைய லிப்சி-2.31.எஸ்ஓ அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 'எல்டி_ப்ரீலோட்' என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி, சமம் குறி, பழைய ஃபைலின் முழுப் பாதை, ஒரு இடைவெளி, அப்புறம் சுட்டியைத் திருப்பி வைக்கும் 'எல்என் ஹைபன் எஸ்எஃப்' கட்டளை. எல்லாம் ஒரே வரியில். பழைய லிப்சியைக் கையில் கொடுத்து எல்என்-ஐ ஓட்டுகிறோம். சூடோ வழியாக இது நடக்காது. சூடோவே அந்த நேரம் ஓடாது, ஓடினாலும் பாதுகாப்புக்காக எல்டி_ப்ரீலோடை மதிக்காது. அதோடு இந்த வித்தை 2.33 வரைதான். 2021 ஆகஸ்டில் வந்த 2.34-இலிருந்து லிப்சி.எஸ்ஓ.6 என்பதே உண்மையான ஃபைல், வெர்ஷன் எண் போட்ட பழைய பெயர் இல்லை. பக்கத்தில் பழையது தயாராகக் கிடக்காது.

நீ கேட்காமல் விட்டது: அந்தப் புரோகிராமை என்ன செய்வது? பழைய லிப்சிக்குச் செய்த புரோகிராம் புது லிப்சியில் ஓடும். புதியதற்குச் செய்தது பழையதில் ஓடாது. உன்னிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க 'எல்டிடி ஹைபன் ஹைபன் வெர்ஷன்' தட்டினால் முதல் வரியில் சொல்லும். உபுண்டு 20.04 என்றால் 2.31, 22.04 என்றால் 2.35, 24.04 என்றால் 2.39. ஒன்று, அந்தப் புரோகிராமின் பழைய வெளியீட்டைத் தேடு. அல்லது ஃபிளாட்பேக், ஸ்னாப், டாக்கர் என்று எதிலாவது கிடைத்தால் அதை எடு. தனக்கு வேண்டிய லிப்சியை அது தானே கொண்டுவரும், உன் சிஸ்டத்தின் மேல் கை வைக்காது. என்னைக் கேட்டால், 20.04-இன் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. புராஜெக்ட் வைவா முடிந்ததும் 22.04-க்கு ஏறிவிடு. வைவா முடியும் வரை ஏறாதே.

கேள்வி: லிப்சி.எஸ்ஓ.6 என்கிறார்களே, ஐந்து வரை எங்கே போயின?
– ஒரு கணினி ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: நல்ல கேள்வி டீச்சர், பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும். ஜிலிப்சியை ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்காக எழுதத் தொடங்கியவர் ரோலண்ட் மெக்ராத், 1980-களில், அப்போது அவர் பதின்வயதுப் பையன். 1990-களின் தொடக்கத்தில் லினக்ஸ்காரர்கள் அதைப் பிரித்து எடுத்துத் தங்களுக்கென்று ஒரு லிப்சி வளர்த்தார்கள். 4, 5 என்ற எண்களெல்லாம் அந்தக் கிளையுடையவை. 1997-இல் ஜிலிப்சி 2.0 வந்தபோது லினக்ஸ் மறுபடி தாய்வீட்டுக்கே திரும்பியது. 5-ஓடு குழம்பாமல் இருக்க 6 என்று போட்டார்கள். டெபியன் 1998-இல் 2.0 வெளியீட்டில்தான் அதற்கு மாறியது. அதற்குப் பிறகு எண் மாறவே இல்லை. ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் எந்தப் பதிப்பில் வந்தது என்று உள்ளேயே முத்திரை குத்தி வைக்கிறார்கள், அதனால் 6 என்ற ஒரே பெயருக்குள் பழையதும் புதியதும் சேர்ந்து குடியிருக்கின்றன. மேலே தம்பிக்கு வந்த '2.34 கிடைக்கவில்லை' என்பது அந்த முத்திரையைத் தேடிக் கிடைக்காமல் வந்த செய்திதான்.

கேள்வி: மேடம், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உபுண்டு அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. வந்ததும் மறுபடி கொடுத்தால் டிபிகேஜி லாக் ஃபைலைப் பிடிக்க முடியவில்லை என்கிறது. அந்த லாக் ஃபைலை ஆர்எம் போட்டு அழித்துவிடு என்று யூடியூபில் சொல்கிறார்கள். அழிக்கலாமா?
– விருதுநகர்

பதில்: அழிக்கவே கூடாது. லாக் இருக்கிறது என்றால் பின்னால் யாரோ வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்கிற தானியங்கி அப்டேட் தொடங்கியிருக்கும், பெரும்பாலும் அதுதான். ஃபைலை அழித்துவிட்டு நீங்களும் உள்ளே நுழைந்தால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேக்கேஜ் பதிவேட்டில் எழுதுவீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள், லாக் தானாக விட்டிருக்கும்.

அப்புறம் 'சூடோ டிபிகேஜி ஹைபன் ஹைபன் கான்ஃபிகர் ஹைபன் ஏ'. கரண்ட் போனபோது விரித்து வைத்து அமைக்காமல் விட்டவற்றை இது அமைத்து முடிக்கும். அதன் பிறகும் ஏதாவது புரோகிராம் விசித்திரமாக நடந்தால் 'டிபிகேஜி ஹைபன் ஹைபன் வெரிஃபை' கொடுங்கள். பாதியில் எழுதப்பட்ட, உள்ளடக்கம் மாறிப்போன ஃபைல்களைப் பட்டியல் போடும். அவை எந்தப் பேக்கேஜோ அதை ரீஇன்ஸ்டால் செய்தால் போதும். பட்டியலில் 'சி' என்ற எழுத்தோடு வருபவை அமைப்பு ஃபைல்கள், நீங்களே திருத்தியிருப்பீர்கள், விட்டுவிடுங்கள். யூபிஎஸ் வாங்கச் சொல்லி நான் இங்கே எழுதுவது இது முதல் முறை இல்லை.

கேள்வி: விண்டோஸில் ஒரு கேம் திறந்தால் விசிரன்டைம்140_1.டிஎல்எல் இல்லை என்கிறது. டிஎல்எல் இலவசமாகத் தரும் தளத்திலிருந்து இறக்கிப் போடலாமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

பதில்: அந்தத் தளங்கள் பக்கமே போகாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று இருக்கும், அதில் புதிய வெளியீட்டை எடுங்கள். 64 பிட், 32 பிட் இரண்டையும் நிறுவுங்கள், முடிந்தது. விண்டோஸின் சொந்த டிஎல்எல்களே கெட்டிருக்கின்றன என்று சந்தேகம் வந்தால் நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் திரையில் 'எஸ்எஃப்சி', இடைவெளி, ஸ்லாஷ், 'ஸ்கேன்நவ்'. வேறெங்கிருந்தோ லைப்ரரி ஃபைலைக் கொண்டுவந்து போடுவதா, மேலே தம்பி செய்ததும் அதே வேலைதான், லினக்ஸில் செய்தார்.

கேள்வி: இவ்வளவு தொல்லை என்றால் லிப்சி6-ஐ ஆப்ட்-மார்க் ஹோல்ட் போட்டு மாறாமல் நிறுத்திவிடலாமே அக்கா? எங்கள் ஆபீஸ் சர்வரில் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை.
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: பிரச்சினை வரும் நாளில் தெரியும். இன்றைக்கே 'ஆப்ட்-மார்க் அன்ஹோல்ட் லிப்சி6' கொடுத்துவிடுங்கள்.

லிப்சியில் ஓட்டை விழுந்தால் அது ஒரு புரோகிராமின் ஓட்டை அல்ல, சர்வரில் ஓடும் அத்தனைக்கும் சேர்த்து. 2015 ஜனவரியில் 'கோஸ்ட்' என்று ஒன்று வெளியானது. இணைய முகவரி தேடும் செயல்பாட்டில் இருந்த பிழை, வெளியிலிருந்தே தாக்க வழி கொடுத்தது. 2023 அக்டோபரில் 'லூனி ட்யூனபிள்ஸ்'. அது நான் மேலே சொன்ன லோடருக்குள்ளேயே இருந்த பிழை, சர்வரில் சாதாரண லாகின் வைத்திருப்பவர் ரூட் ஆகிவிடலாம் என்று க்வாலிஸ் நிறுவனத்தார் செய்து காட்டினார்கள். இரண்டுக்கும் மருந்து லிப்சி அப்டேட்தான், நீங்கள் அதைத்தான் பூட்டி வைத்திருக்கிறீர்கள். ஹோல்ட் இருக்கும்போது அடுத்த பெரிய அப்கிரேடுக்குப் போனால் மற்ற பேக்கேஜ்கள் புது லிப்சியைக் கேட்கும், ஹோல்ட் விடாது, ஆப்ட் பாதிப் பேக்கேஜ்களை நிறுத்திவைக்கும். முதல் கடிதத்தில் பார்த்த முடிச்சுக்கு இதுவும் ஒரு வழி.

கவனிக்க வேண்டிய இரண்டு உண்டு. ஒன்று, ஒரே வெளியீட்டுக்குள் வரும் செக்யூரிட்டி அப்டேட்டும், வெளியீடு தாண்டும் அப்கிரேடும் வேறு வேறு. முதலாவதில் லிப்சியின் பெரிய எண் மாறாது, ஓட்டை மட்டும் அடைபடும். அதைப் பயமில்லாமல் விடலாம். இரண்டாவதை ஆள் நடமாட்டம் இல்லாத நாளில், பேக்கப் எடுத்துவிட்டு, டிமக்ஸ் அல்லது ஸ்க்ரீன் என்ற டெர்மினல் கருவிக்குள் உட்கார்ந்து செய்யுங்கள். வைஃபை அறுந்தாலும் உள்ளே வேலை ஓடிக்கொண்டே இருக்கும், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். பக்கத்தில் இன்னொரு ரூட் ஷெல்லைச் சும்மா திறந்து வையுங்கள்.

இன்னொன்று, லிப்சி மாறியவுடன் சர்வர் பாதுகாப்பாகிவிடாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வெப் சர்வரும் டேட்டாபேஸும் பழைய லிப்சியையே பிடித்துக்கொண்டிருக்கும். நிறுவும்போது, சர்வீஸ்களைக் கேட்காமலே ரீஸ்டார்ட் செய்துவிடவா என்று நடுவில் ஒரு கேள்வி வரும். அவசரத்தில் எல்லோரும் 'நோ' அழுத்திவிடுகிறார்கள். 'யெஸ்' கொடுத்தாலும் அது சில சர்வீஸ்களைத்தான் கவனிக்கும். 'நீட்ரீஸ்டார்ட்' என்ற சின்னக் கருவியை நிறுவி ஓட்டினால் இன்னும் யார் யார் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பெயரோடு சொல்லும். ஆபீஸ் முடிந்த பிறகு ஒரு ரீபூட் கொடுக்க முடிந்தால் அந்தப் பட்டியலே வேண்டாம்.